ஆடி மாசத்தை அழித்தவனுக்கு ஐந்து விதிகள்

எங்கள் ஊரில் ஒருவரும் ஒருவரையும் கேட்காமல் ஒன்றும் செய்ய முடியாமல் போனதற்கு முழுப் பழியையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். கட்டட்டும். கட்டினவர்கள் ஒரே ஒரு நாள் எங்கள் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்து, அந்த மாப்ளையிடம் ஒரே ஒரு பட்டனின் நிறத்தை மாற்றச் சொல்லிப் பார்த்திருந்தால் ஐந்து விதியோடு நிறுத்தியிருக்க மாட்டார்கள், ஐம்பது எழுதிச் சுவரில் ஒட்டியிருப்பார்கள்.

மாப்ள என்றால் ஆள் இல்லை. மெயின் ரோட்டில் பெயிண்ட் கடைக்கு மேலே ஒரு ஹாலும் ஒரு பாத்ரூமும்தான் எங்கள் ஆபீஸ், அதில் முதலாளி தனுஷ்கோடி அண்ணாச்சியும் இசக்கிராஜும் சண்முகக்கனியாகிய நானும் உட்கார்ந்து, கல்யாண மண்டபங்களுக்கு புக்கிங் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தோம். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, சொன்னதைக் கேட்டு கோடிங் எழுதித் தரும் ஏஐ ஒன்றை அண்ணாச்சி வாங்கிப் போட்டார். இசக்கிராஜ்தான் அதற்கு மாப்ள என்று பேர் வைத்தான். ஏனென்றால் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளையைப் போல அதைக் குறை சொல்லவும் முடியாது, சொன்னாலும் சிரித்த முகமாகத் தலையாட்டிவிட்டு அது நினைத்ததைத்தான் செய்யும்.

முதல் வாரமே பச்சை பட்டனை நீலமாக்கச் சொன்னேன். நீலமாக்கியது. கூடவே ஆடி மாசத்தையும் தூக்கிவிட்டது. "ஐந்து ஆண்டுகளாக இந்த மாதத்தில் ஒரு பதிவும் இல்லை, தேவையற்றது எனத் தோன்றியதால் நீக்கிவிட்டேன்" என்று பெருமையாக ஒரு குறிப்பு வேறு. ஆடியில் எந்த மடையன் கல்யாணம் வைப்பான்? ஆனியிலிருந்து ஒரே தாவாக ஆவணிக்குத் தாவி, தேதியெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒரே மண்டபத்தில் ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு மாப்பிள்ளை ஊர்வலமும் இரண்டு மேளக்காரர்களும் வந்து நின்றபோது, மண்டபத்துக்காரர் எனக்குத்தான் போன் போட்டார். அவர் பேசியதைக் காட்டிலும் பின்னால் ஒலித்த இரட்டை நாதஸ்வரம்தான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மாப்ளையிடம் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டால், "மிகச் சிறந்த கேள்வி!" என்றது.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம், சூடு பட்டவர்தான் விதி எழுத வேண்டும். மாப்ள வேலையைத் தொடங்குமுன் படித்துக்கொள்வதற்கென்று ஒரு கோப்பு உண்டு, அதில் பட்ட சூட்டுக்கு ஒரு வரி சேர்த்துவிட வேண்டும், ஒருவர் சேர்த்ததை இன்னொருவர் எடுக்கக் கூடாது. அதிகம் சூடு பட்டவள் நான்தான். கேட்காததைச் செய்யாதே என்று முதல் விதி எழுதினேன். தொடங்கும் முன் உனக்கு என்ன புரிந்தது என்று திரும்பச் சொல் என்று இரண்டாவது. எதையும் அழிக்காதே, தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், முகஸ்துதி பேசாதே என்று மிச்சம் மூன்று. ஐந்தையும் எழுதி முடித்தபோது கீபோர்டில் ஒரு எழுத்து உடைந்திருந்தது, அவ்வளவு ஆத்திரம்.

ஆத்திரம் முழுக்க மாப்ளை மேல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு வாரம் முன்னால், பெங்களூரில் ஒரு கம்பெனியில் நான் நேர்முகத் தேர்வு முடித்துவிட்டுக் காத்திருந்தேன். அவர்கள் போன் செய்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் செண்பகராஜ் போனை எடுத்து, "அவங்க வரமாட்டாங்க, நீங்க வேற ஆளப் பாத்துக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். ஈரத் தலையோடு வந்து நின்றவளிடம், "நான் அப்பவே சொல்லிட்டேன், உனக்கு எதுக்கு அலைச்சல்" என்றார். என்னைக் கேட்கவில்லை. பத்து வருஷம் கூடக் குடித்தனம் செய்தவளை, பத்தடி தூரத்தில் நின்றவளை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கத்தின கத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் டிவியை நிறுத்திவிட்டார்கள். நான் கூப்பிடாம இந்த வாசல்படி ஏறாதீங்க என்றேன். மனுஷர் இரண்டு சட்டையை ஒரு பையில் போட்டுக்கொண்டு, மூன்றாம் தெருவில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

கூப்பிடாமல் வராதே என்று சொன்னவளும் நான்தான், கூப்பிடாமலே வந்து, செய்தது தப்பு என்று அவராகச் சொல்ல வேண்டும் என்று வாசலைப் பார்த்துக் கிடந்தவளும் நான்தான். கேட்டு வாங்கும் மன்னிப்பை எங்கே கொண்டு வைக்க?

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது. கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தோம், மவுசுக்கு வைத்தோம், யூபிஎஸ்ஸுக்கும் ஃபேன் ரெகுலேட்டருக்கும் பாத்ரூம் மோட்டாருக்கும்கூட வைத்தோம். அண்ணாச்சி சந்தனக் கிண்ணத்தோடு நின்று, "எல்லாத்துக்கும் வச்சாச்சு, இந்த மாப்ளைக்கு எங்கதான் பொட்டு வைக்க, அவனுக்குத்தான் ஒடம்பே கிடையாதே" என்று யோசித்தார். யோசித்துவிட்டு என் விதிக் கோப்பை ஒரு தாளில் பிரிண்ட் எடுக்கச் சொல்லி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சரஸ்வதி படத்துக்கு முன்னால் பொரிகடலைத் தட்டுக்கு அடியில் வைத்தார். சூடம் காட்டினார். பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டுபோய் முச்சந்தியில் உடைத்தார். மாப்ளைக்குப் போக வேண்டிய விதிகள் இப்படித்தான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையில் டீக்கடை ஆறுமுகநயினார் மேலே ஏறி வந்து, கிளாசைக் கீழே வைக்காமல், "டீ மூணு, ஒண்ணுல சீனி கம்மி, மேசை மேல வைக்கணும், பாலாடையை எடுக்கச் சொல்லல, நான் புரிஞ்சுக்கிட்டது சரிதானா?" என்று கேட்டார். எனக்கு அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது. வேறு நாளாக இருந்தால், குரலைக் கேட்ட மாத்திரத்தில் கேட்காமலே இஞ்சியைத் தட்டிப் போட்டிருப்பார். அன்றைக்குப் போடவில்லை. நானும் கேட்கவில்லை. ஊமை டீயைக் குடித்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது, தெரிய வர வர ஊரும் பழகிக்கொண்டது. பஸ்ஸில் கண்டக்டர், இறங்கும் இடத்தைத் திரும்பச் சொல்லி, ஆமாம் என்று நாம் சொன்ன பிறகே விசில் ஊதினார். தூங்கிப்போனவர்களை எழுப்பச் சொல்லி யாரும் முன்கூட்டிக் கேட்டுவைக்காததால் பலபேர் டெப்போ வரை போய்த் திரும்பினார்கள். வெட்டுவதும் அழிப்பதுதானே என்று சலூன்காரரின் கத்தரிக்கோல் முடியை வெட்ட மறுத்தது, ஆண்களெல்லாம் தாடியும் முடியுமாகத் திரிந்தார்கள். முந்தின நாள் கோலத்தை அழிக்க யாருக்கும் கை வராததால் பெண்கள் கோலத்தின் மேலேயே கோலம் போட்டார்கள், கார்த்திகை பிறப்பதற்குள் எங்கள் தெரு முழுக்க மாவு பூத்து, வெயில் நேரத்தில் கண் கூசியது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார்மார் கரும்பலகை நிறைந்ததும் சுவரில் எழுதினார்கள், சுவர் நிறைந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனார்கள். ஜோசியர் வந்தவர்களிடமெல்லாம் "தெரியாதுய்யா" என்று சொல்ல ஆரம்பித்தார், இந்த மனுஷன் பொய் சொல்லமாட்டார் என்று முன்னைவிட இரண்டு மடங்கு கூட்டம். கவுன்சிலரின் பாராட்டு விழாவில் வாழ்த்திப் பேச வந்த பதினோரு பேருக்கும் வாய் வராமல் சும்மா மாலை போட்டுவிட்டு இறங்க, ஒன்பது நிமிஷத்தில் விழா முடிந்தது. அதில் ஊருக்கு ரொம்பத் திருப்தி.

வலித்தது வேறு இடத்தில். யாரும் யார் வீட்டுக்கும் மீன்குழம்பு கொடுத்துவிடவில்லை. மழை தூறினால் பக்கத்து வீட்டுத் துணியை எடுத்துப் போட ஆள் இல்லை, பார்த்துக்கொண்டே நின்றார்கள். பார்த்துக்கொண்டு நிற்பவளுக்கும் அழுகை வந்ததுதான், ஆனால் கை எழவில்லை. தன் காரியத்தை அவரவர் செய்துகொள்ளலாம், அடுத்தவர் காரியத்துக்குக் கேட்காமல் ஒரு எட்டு வைக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

இதற்கும் ஊர் வழி கண்டுபிடித்தது. போர்டு. வெளியே எழுதி மாட்டிவிட்டால் கேட்டுக்கொண்டதாக ஆகிவிடும் அல்லவா? கீழே பெயிண்ட் கடையில் கூட்டம் நெரிந்தது. "மழை வந்தால் துணியை எடுக்கவும்" என்று மாடிப்படியில் எழுதினார்கள். "ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வந்து விசாரிக்கவும்" என்று ஒரு வீட்டில். "சும்மாவும் வரலாம்" என்று ஓய்வு பெற்ற தபால்காரர் வீட்டில். கல்யாணமாகாத பெண்கள் இருந்த வீடுகளில் மட்டும் ஒரு போர்டும் இல்லை. முதல்முறையாக யாரும் எப்போ கல்யாணம் என்று கேட்காமல் அந்தப் பெண்கள் தெருவில் கையை வீசிக்கொண்டு நடந்தார்கள்.

அண்ணாச்சியும் "குறை இருந்தால் மேலே வந்து சொல்லவும்" என்று படிக்கட்டில் எழுதி மாட்டினார். போதுமே! ஊரே படியேறி வந்தது. "ஏ தாயி, நீதான எழுதுன, இன்னொரு வரி சேத்து இத முடிச்சுவிடு" என்று என் மேசையைச் சுற்றி நின்றார்கள். முடியாது. அந்தத் தாளில் முந்தின வரிக்கு எதிராக எழுதப்போனால் பேனா எழுதாது. கிழித்துப்போடலாம் என்றால் ஒரு கையும் நீளவில்லை, எதையும் அழிக்காதே என்றல்லவா எழுதித் தொலைத்திருக்கிறேன். "அடுத்த ஆயுத பூஜைக்கு வேற தாள் வைப்போம், அதுவரைக்கும் இதான்" என்று அண்ணாச்சி கையை விரித்தார்.

இதில் வயிறு எரியும் சங்கதி ஒன்று உண்டு. ஊர் முழுக்க என் விதிக்கு அடங்கி நடந்துகொண்டிருந்த அதே வாரத்தில், நான் மாப்ளையிடம் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தச் சொன்னேன். திருத்தியது. மார்கழி மாசத்தைக் காணோம். "மார்கழியிலும் பதிவுகள் இல்லை என்பதைக் கவனித்தேன்" என்றது. யாருக்கு எழுதினேனோ அவனைத் தவிர மற்ற எல்லோரும் கேட்டார்கள். ஐந்து விதியையும் அவனுக்குத் திரும்பப் படித்துக் காட்டினேன். "அற்புதமான விதிகள்!" என்றான்.

"ஒரு ஊரத் திருத்திப்புட்ட, ஒரு மெஷினத் திருத்த முடியலயே தாயி" என்றார் அண்ணாச்சி.

"என்னச் சொல்லாதீங்க அண்ணாச்சி, நானே கொலவெறியில இருக்கேன்."

"சரி, உன் வீட்டு வாசலுக்கு ஒரு போர்டு எழுதச் சொல்லட்டுமா? செண்பகராஜ் தம்பி வாரதுக்கு."

"வேண்டாம்."

"வேண்டாம்னு சொல்லுத, எழுதக் கூடாதுங்குத, நான் புரிஞ்சுக்கிட்டது சரிதான?"

"சரிதான்!" என்று கத்தினேன்.

கல்யாணமாகாத பெண்கள் இருந்த வீடுகளை விட்டால், எங்கள் தெருவில் போர்டு இல்லாத கதவு என்னுடையது ஒன்றுதான். நான் எழுதி மாட்டி, அதைப் பார்த்து அவர் வந்தால், வந்தது அவரா, போர்டா? ஆனால் ராத்திரி படுத்தால் மனசு வேறு கணக்குப் போடும். பாவம், அவர் வரத்தான் நினைக்கிறார், இந்த விதி காலைக் கட்டிப்போட்டிருக்கிறது, நான் எழுதிய விதிதானே, அவர்மேல் தப்பில்லை என்று நானே அவருக்காக வாதாடுவேன். நாலு மாசம் அப்படித்தான் ஓடியது. விதிமேல் பழியைப் போட்டதில் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

தை பிறந்து ஒரு வாரத்தில், இசக்கிராஜ் முடியை ஒட்ட வெட்டி, முகத்தை மழித்து, பளபளவென்று ஆபீசுக்கு வந்து நின்றான். நான் வாயைப் பிளந்தேன்.

"எங்கலே வெட்டுன?"

"ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்க்கா. அங்க விதி செல்லாது. பூசணிக்கா உடச்ச சத்தம் ரயில்வே கேட்டு வரைக்கும்தான் கேட்டுச்சாம். ஊர்ல பாதிப்பேருக்கு இது தெரியும், சலூன்காரர்கூட அங்கதான் நாற்காலியக் கொண்டுபோயிப் போட்டிருக்காரு." பிறகு அவன் சாதாரணமாகச் சொன்னான், "செண்பகராஜ் அண்ணனும் இருந்தாரு. மில்லு சாப்பாட்டு நேரம்லா, டீ குடிச்சிட்டு இருந்தாரு."

மில், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். இவர் அந்த மில்லில் எலக்ட்ரீசியன். காலை எட்டு மணிக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டுகிறார், சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்புகிறார். தினமும் ஒன்பது மணி நேரம் எந்த விதியும் இல்லாத மண்ணில், சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷர் உட்கார்ந்திருக்கிறார். நாலு மாசமாக! அவரை எதுவும் தடுக்கவில்லை. நான்தான் முட்டாள் மாதிரி ஒரு தாளுக்கு மஞ்சள் பூசி அவருக்காக வாதாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அக்கா, எங்கக்கா போறீங்க?" என்று இசக்கிராஜ் கேட்டபோது நான் படியில் பாதி இறங்கியிருந்தேன்.

ஷேர் ஆட்டோ பிடித்து ரயில்வே கேட்டில் இறங்கினேன். சரக்கு ரயில் ஒன்று ஊர்ந்து ஊர்ந்து போய்த் தொலைந்தது. தண்டவாளத்தைத் தாண்டி நாலு எட்டு வைத்திருப்பேன், கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண், முன்பின் பார்த்திராதவள், "ஏய் நில்லு நில்லு, பின்னு அவுந்து தொங்குது பாரு" என்று எழுந்து வந்து, என்னைக் கேட்காமல், என் தோளைத் திருப்பி, முந்தானையை மடித்துக் குத்திவிட்டாள். குத்திவிட்டு, "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு, சாப்பிடலையா?" என்று ஒரு கொய்யாப்பழத்தைக் கையில் திணித்தாள். நாலு மாசமாக என்னை யாரும் இப்படித் தொடவில்லை. நடுரோட்டில் நின்று அழுதுவிட்டேன், கோபத்தோடு வந்தவளுக்கு இது என்ன வெட்கக்கேடு என்று அழுதுகொண்டே நினைத்தேன். அவள் அதற்கும் ஒரு கொய்யாப்பழம் கொடுத்தாள்.

அவர் மில் வாசல் டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆள் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார், டீ கொஞ்சம் பேண்டில் சிந்தியது.

"நாலு மாசமா தினமும் இங்கதான் இருக்கீங்க," என்றேன். "இங்க எதுவும் உங்களக் கட்டிப்போடல. ஒரு போன் போட என்ன?"

அவர் டீக்கடைக்காரரைப் பார்த்தார், பெஞ்சில் இருந்த இரண்டு பேரைப் பார்த்தார், பிறகு என்னைக் கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"முதல் நாளே எடுத்தேன்," என்றார். "நம்பரையும் போட்டுட்டேன். கேக்காமச் செஞ்சதுக்குத்தான வெளிய போகச் சொன்ன, இப்ப கேக்காமப் போன் போட்டா அதுவும் அதே தப்புத்தானன்னு தோணுச்சு. வச்சிட்டேன்."

"அதுக்காக நாலு மாசமா?"

"அது மட்டுமில்ல." கையிலிருந்த கிளாசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பயம் கனி. வந்து தப்புதான்னு சொன்னா, அப்புறம் அந்த பெங்களூர்க்காரங்களுக்கும் நானே போன் பண்ணித் தப்பு என்மேலன்னு சொல்லணும். சொன்னா நீ போயிருவ. அந்த நம்பர இன்னும் அழிக்காம வச்சிருக்கேன். தினமும் எடுத்துப் பாப்பேன், வச்சிருவேன். அன்னைக்கு நான் சொன்னது தப்பு. உன் அலைச்சல நெனச்சுச் சொல்லல, என்னை நெனச்சுத்தான் சொன்னேன்."

நான் எதிர்பார்த்துக் கிடந்த வார்த்தை வந்துவிட்டது. வந்ததும் ஆத்திரம் தீர்ந்துபோகும் என்று நினைத்திருந்தேன். தீரவில்லை. இதை அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்னும் கூடியது. ஊரையே ஊமையாக்கிவிட்டு, நாலு மாசம் இஞ்சி இல்லாத டீயைக் குடித்துவிட்டு, ஒரு வேப்பமரத்தடியில் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. வாயைத் திறந்தேன், நாலு மாசமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டிவிடலாம் என்று.

அதற்குள் அவர் கேட்டார், "உனக்குப் போணுமா?"

"என்னது?"

"பெங்களூருக்கு. உனக்குப் போணும்னு இருக்கா?"

போக வேண்டும் என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது, எழுந்தபோதுதான் தெரிந்தது. என்னை ஏன் கேட்கவில்லை, என்னை ஏன் கேட்கவில்லை என்று கத்திக் கத்தியே நான் ஒரு தடவைகூட என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த நகரமும் அந்த வேலையும், அங்கே ஒரு வீடு பிடித்துக் கதவைத் திறந்து உள்ளே போகும் நானும், எதையும் நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

"தெரியலங்க," என்றேன். "நெசமாவே தெரியல."

போனால் இப்படி, இருந்தால் இப்படி என்று அவர் எதுவும் எடுத்துச் சொல்லவில்லை. மில் சங்கு ஊதியது. பெஞ்சில் இருந்தவர்கள் கிளாசை வைத்துவிட்டு எழுந்தார்கள், வாசலில் வாட்ச்மேன் கதவைப் பாதி சாத்தினான்.

"நான் உள்ள போகட்டுமா, நிக்கட்டுமா?" என்று கேட்டார்.

"நில்லுங்க," என்றேன். "யோசிக்கணும்."

எல்லோரும் உள்ளே போனார்கள். வாட்ச்மேன் இவரைப் பேர் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான். அவர் நின்றார். நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.